பாலைவனமும் உப்பு ஏரியும், விமான ஜன்னல் வழியே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் ஹோசேயில் இருக்கிறேன். ஆபீஸ் வேலையாக சால்ட் லேக் சிட்டிக்கும் டென்வருக்கும் மாதம் ஒரு தடவையாவது பறக்க வேண்டியிருக்கிறது. கலிபோர்னியா மலையைத் தாண்டிவிட்டால் நெவாடா, யூட்டா முழுக்கப் பாலைவனமும் வற்றிய ஏரிகளும்தான். ஏழெட்டு வருடமாக ஜன்னல் வழியே படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படங்களைப் பார்த்த சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. என்னிடம் கெட்டுப்போன படங்கள்தான் அதிகம். பாதி பதில் அவற்றிலிருந்து வந்தது.

எந்தக் கேமரா வாங்கலாம்?

முதலில் சீட்டைச் சரியாக வாங்குங்கள், கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே விமானப் படம் பழைய செல்போனில் எடுத்தது. நல்ல கேமராவோடு நடு சீட்டில் உட்கார்ந்து போன நாட்களும் உண்டு. அன்றைக்கு எடுத்ததெல்லாம் பக்கத்துக்காரரின் காது.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

வெயில் அடிக்காத பக்கம். வெயில் ஜன்னலில் நேராக விழுந்தால் கண்ணாடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பளபளக்கும், படம் முழுக்க வெள்ளைப் புகை போட்ட மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பகுதியில் சூரியன் பகலில் பெரும்பாலான நேரம் தென்புறமாகத்தான் நகரும். அதனால் கிழக்கு மேற்காகப் பறக்கும்போது வடக்குப் பக்கம் உட்கார்ந்தால் பெரும்பாலும் தப்பு வராது. சான் ஹோசேயிலிருந்து கிழக்கே போகும்போது இடப்பக்கம், அதாவது ஏ சீட். திரும்பி வரும்போது வலப்பக்கம், எஃப் சீட். சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. கிரேட் சால்ட் லேக் என்ற பெரிய உப்பு ஏரி விமான நிலையத்துக்கு வடமேற்கே விரிந்து கிடக்கிறது, ஆகையால் இறங்கும்போதும் ஏறும்போதும் பெரும்பாலும் இதே பக்கத்தில்தான் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் வெயில் பக்கம் நல்லது. தண்ணீர் கொஞ்சமாகத் தேங்கிய உப்புச் சமவெளிக்கு நேர் மேலே சூரியனைப் பார்த்தபடி போனால், திடீரென்று மொத்தத் தரையும் தகரக் கூரை மாதிரி மின்னும். அது சில நொடிதான். அதற்காக முழுப் பயணத்தையும் பணயம் வைக்க மாட்டேன்.

இறக்கைக்கு முன்னாலா, பின்னாலா?

முன்னால். இன்ஜினிலிருந்து வரும் சூடான காற்று பின்பக்கம் போகிறது. அதன் வழியே பார்த்தால் தார் ரோட்டில் கானல் தெரிவதுபோலத் தரை நெளியும். ஃபோகஸ் சரியில்லையோ என்று நினைத்து நாம் கேமராவைத் திட்டிக்கொண்டிருப்போம். முன்னால் கிடைக்காவிட்டால் கடைசி நாலைந்து வரிசைக்குப் போய்விடுங்கள், கீழ்நோக்கிப் பார்க்கும்போது ஓரளவு தப்பலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில விமானங்களில் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில் ஜன்னலே இருக்காது. டிக்கெட்டில் மட்டும் 'விண்டோ' என்று போட்டிருக்கும். ஒரு தடவை கூடுதல் காசு கொடுத்து அப்படி ஒரு சீட் வாங்கி, ஒன்றே முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன். பதிவு செய்யும் முன் அந்த விமான வகையின் சீட் படத்தை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

காலை விமானமா, மதியமா, சாயங்காலமா?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலையிலும் மாலையிலும்தான் படம் எடுக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இங்கே அது பாதி மட்டுமே சரி.

நெவாடாவின் மலைகளைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மலைத்தொடர்கள், கிட்டத்தட்ட எல்லாம் வடக்கு தெற்காக, உழவுசால் மாதிரி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொரு இரண்டு தொடருக்கும் நடுவில் ஒரு தட்டையான பள்ளத்தாக்கு. பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டு விரிந்ததில், துண்டு துண்டாக உடைந்து சில துண்டு மேலே நின்றன, சில கீழே இறங்கின. அதனால்தான் இந்த வரிசை. மலை வடக்கு தெற்காக ஓடுகிறது, காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஆக ஒவ்வொரு தொடரும் தன் மேற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நீள நிழல் போடும். சாயங்காலம் அதே நிழல் கிழக்குப் பக்கம் விழும். மதியம் அதே இடத்தைப் பார்த்தால் கசங்கிய பழுப்புத் தாள் மாதிரி இருக்கும், ஒன்றும் புரியாது.

ஆனால் உப்பு ஏரியின் நிறம் வேண்டுமென்றால் மதியம்தான். சூரியன் உயரத்தில் இருக்கும்போது வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி அடியைத் தொட்டுத் திரும்பி வரும். சாய்ந்த வெயிலில் தண்ணீர் வானத்தைத்தான் காட்டும். ரோஸ் நிற ஏரிகூடச் சாம்பலாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த உப்பளப் படங்கள் எல்லாமே பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எடுத்தவை.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் என் தேர்வு. கோடையில், குறிப்பாக ஆகஸ்ட் செப்டம்பரில், காட்டுத்தீப் புகை நெவாடா முழுக்கப் படர்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குளிர்காற்று அடியில் சிக்கிக்கொண்டு, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடும்; நகரத்துப் புகையெல்லாம் அதற்குள் நின்றுவிடும். மழையோ பனியோ பெய்து ஓய்ந்த மறுநாள் கிடைத்தால் எந்த மாதமானாலும் ஜன்னலை விட்டு எழுந்திருக்காதீர்கள், காற்று அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

உப்புச் சமவெளிக்கும் பருவம் உண்டு. வென்டோவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னெவில் சமவெளியில் குளிர்காலத்தில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும், வானம் அப்படியே தெரியும். கோடை முடிவில் காய்ந்து கெட்டியான வெள்ளையாகிவிடும். பூமியில் ஓடும் வண்டிகளின் வேகச் சாதனைகளுக்கு ஆகஸ்ட் மாதத்தைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

உங்கள் படத்தில் இருக்கும் உப்பு ஏரி நிஜமாகவே ரோஸ் கலரா? கலரைக் கூட்டிப் போட்டீர்களா?

இந்தச் சந்தேகம் வராத ஆளே இல்லை. கூட்டவில்லை.

கிரேட் சால்ட் லேக்கின் குறுக்கே ரயில் போவதற்காக 1904-இல் நீளமான மரப்பாலம் போட்டார்கள். 1959-இல் அதற்குப் பதிலாகக் கல் கொட்டி ஒரு கரையே எழுப்பிவிட்டார்கள். ஏரி இரண்டாகப் பிரிந்தது. பேர், வீபர், ஜோர்டான் என்று ஏரிக்கு வரும் மூன்று ஆறுகளின் தண்ணீரும் தெற்குப் பாதிக்குத்தான் போய்ச் சேர்கிறது. வடக்குப் பாதிக்கு நல்ல தண்ணீர் வரத்து இல்லை, வெயிலில் ஆவியாவது மட்டும் நடக்கிறது. கடல் தண்ணீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்றால், இந்த வடக்குப் பாதியில் இருபத்தைந்தைத் தாண்டும். மீன் கிடையாது. அவ்வளவு உப்பிலும் வாழும் சில நுண்ணுயிர்களும், டுனாலியெல்லா என்ற பாசியும் மட்டும் உண்டு. கடும் வெயிலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள அவை உடம்பில் சிவப்பு, ஆரஞ்சு நிறமிகளைச் சேர்த்து வைக்கின்றன. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே வகையறாதான். கோடிக்கணக்கில் சேரும்போது ஏரியே ரோஸ். மேலிருந்து பார்த்தால் கரைக்கு வடக்கே ரோஸ், தெற்கே நீலப்பச்சை, நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு.

இதே சங்கதி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்கோடியிலும் இருக்கிறது, சான் ஹோசேயிலிருந்து ஏறிய சில நிமிடத்தில். அங்கே இருப்பது உப்பளம். பச்சை, மஞ்சள், செங்கல் நிறம், ரத்தச் சிவப்பு என்று பாத்தி பாத்தியாக. உப்பு குறைவான பாத்தி பச்சை. தண்ணீர் சுண்டச் சுண்ட நிறம் சிவப்பை நோக்கிப் போகும். 2003-இல் அரசு இங்கே 15,100 ஏக்கர் உப்பளத்தை வாங்கிப் பழையபடி சதுப்பு நிலமாக்க ஆரம்பித்தது. ஆகவே நிறமான பாத்திகள் முன்பைவிடக் குறைவு.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது டென்வருக்கு அழைத்துப் போனேன். ஜன்னல் சீட்டை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நான் நடுவில். விமானம் ஏறித் திரும்பியதும் கீழே பாத்திகள் வந்தன. நான் வாயைத் திறக்கும் முன், "இது முத்தையாபுரத்து அளம் மாதிரியில்லடா இருக்கு" என்றார். அம்மா தூத்துக்குடிக்காரர். தாத்தா அளத்தில் கணக்கு எழுதியவர். நான் நுண்ணுயிர், நிறமி என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். "தண்ணி செவந்துட்டுன்னா உப்பு வெளையப் போகுதுன்னு அர்த்தம். உங்க தாத்தா சொல்லுவாரு" என்று முடித்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். நான் இத்தனை வருடம் படித்துத் தெரிந்துகொண்டது அதுதான்.

வழியில் என்னென்ன வரும்? எங்கே தயாராக இருக்க வேண்டும்?

விமானம் போகும் பாதை காற்றையும் நெரிசலையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். பொதுவாக டென்வர் போகும்போது யோசெமிட்டி மலைகளைத் தாண்டியதும் மோனோ ஏரி வரும். நடுவில் இரண்டு தீவு, ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் பிறகு ஏறக்குறைய அரை மணி நேரம் நெவாடாவின் உழவுசால்கள்தான். ஒவ்வொரு பள்ளத்தாக்கின் அடியிலும் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒரு திட்டு தெரியும். மலையில் பெய்யும் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று காய்ந்து, உப்பையும் வண்டலையும் விட்டுப் போன இடம் அது. மலையடிவாரத்தில் ஓடைகள் மண்ணைக் கொட்டிக் கொட்டி விசிறி விரித்த மாதிரி ஆக்கியிருக்கும். காலை வெயிலில் அந்த விசிறிகள் அபாரமாக வரும்.

லாஸ் வேகஸ் போகிறவர்களுக்கு ஓவன்ஸ் ஏரி, மரணப் பள்ளத்தாக்கு இரண்டும் கிடைக்க வாய்ப்புண்டு. ஓவன்ஸ் ஏரிக்கு வரவேண்டிய ஆற்றை 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வெட்டிக் கொண்டுபோனது. சில வருடத்தில் ஏரி வற்றி, புழுதிக் காடானது. இப்போது புழுதி பறக்காமலிருக்கத் தண்ணீர் பாய்ச்சிக் கட்டம் கட்டமாக நனைத்து வைக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் யாரோ ரங்கோலிக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பாதியில் எழுந்துபோன மாதிரி இருக்கும். மரணப் பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. 2023 ஆகஸ்ட்டில் ஹிலரி புயல் கொட்டிய மழையில் அங்கே ஒரு ஏரியே உருவாகி மாதக்கணக்கில் நின்றது.

சால்ட் லேக் போகும் பாதையில் கடைசி இருபது நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் பொன்னெவில் சமவெளியின் வெள்ளை, அதன் நடுவில் நூல் பிடித்த மாதிரி 80-ஆம் நெடுஞ்சாலை. பிறகு ஏரி. அப்போது மலைச் சரிவுகளைக் கவனியுங்கள். எல்லா மலையிலும் ஒரே உயரத்தில் கிடைக்கோடுகள் தெரியும், கோவில் குளத்துப் படிக்கட்டு மாதிரி. பனியுகக் காலத்தில் இந்தப் பகுதி முழுக்கப் பொன்னெவில் என்று ஒரு பெரிய நன்னீர் ஏரி இருந்தது. அலை அடித்து அரித்த கரைகள் அவை. மிக உயரமான படி இன்றைய ஏரியைவிடச் சுமார் 300 மீட்டர் மேலே. அந்தக் குளம் சுண்டிச் சுண்டி மிஞ்சிய அடித்தண்ணீர்தான் இப்போதிருக்கும் உப்பு ஏரி. அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. 2022 நவம்பரில் அளவெடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து இல்லாத அளவுக்கு இறங்கியது. என்னுடைய பழைய படங்களையும் அந்த வருடப் படங்களையும் பக்கத்தில் வைத்தால் கரையோரத்து வெள்ளை எவ்வளவு அகன்றிருக்கிறது என்று தெரியும்.

அந்தப் பச்சை வட்டங்கள் என்ன?

வயல். நடுவில் கிணறு, அதைச் சுற்றி நீளமான குழாய் சக்கரத்தில் வட்டமடித்துத் தண்ணீர் தெளிக்கும். பெரும்பாலானவை ஏறக்குறைய 800 மீட்டர் குறுக்களவு. பாலைவனத்தில் எது எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குப் பிடிபடாது. படத்தின் ஓரத்தில் ஒரு வட்டத்தைச் சேர்த்துக்கொண்டால் பார்ப்பவருக்கு அளவு புரியும்.

குளிர்காலப் படத்தில் எது பனி, எது உப்பு?

பனி மலை மேலேயும் இருக்கும். உப்பு பள்ளத்தில் மட்டும், தட்டில் ஊற்றிய மோர் போல மட்டமாக இருக்கும்.

ஜன்னலில் என் முகமும் சட்டையும் தெரிகிறதே?

கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். கிண்டலில்லை. எதிர்ப்பக்க ஜன்னல் வழியே வரும் வெயில் உங்கள் மேல் விழுந்து, உங்கள் ஜன்னலில் பிரதிபலிக்கிறது. வெள்ளைச் சட்டை என்றால் ஏரி நடுவில் வெள்ளையாக ஒரு பேய் நிற்கும். கறுப்புத் துண்டோ ஸ்வெட்டரோ இருந்தால் கேமராவையும் ஜன்னலையும் சேர்த்து மூடிக்கொள்ளலாம். மடங்கக்கூடிய ரப்பர் ஹூட் லென்ஸ் முன்னால் மாட்டினால் இன்னும் சுலபம். ஆனால் கண்ணாடியில் அழுத்தாதீர்கள். விமானத்தின் அதிர்வு முழுக்க லென்ஸில் இறங்கும். ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும், முழங்கையையும் கைப்பிடியில் ஊன்றக் கூடாது.

மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று எடுத்துப் போங்கள். முந்தைய பயணி தலை சாய்த்துத் தூங்கிய எண்ணெய்க் கறை உங்கள் பக்கத்தில்தான் இருக்கும், அது துடைத்தால் போய்விடும். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஒரு பொடி ஓட்டை இருக்கிறது பாருங்கள்; உயரத்தில் அதைச் சுற்றிப் பனிப்பூ பூக்கும். அது நடு அடுக்கில் இருப்பதால் துடைக்க முடியாது. அதற்கு மேலாகக் கேமராவை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு குறையும் என்கிறார்களே?

போடாதீர்கள். முதல் வருடம் அதைக் கேட்டு வாங்கிப் போட்டேன். பொன்னெவில் சமவெளி முழுக்க வானவில் பட்டைகள், பெட்ரோல் சிந்திய ரோடு மாதிரி. விமான ஜன்னல் கண்ணாடி கிடையாது, இழுத்து உறுதியாக்கிய அக்ரிலிக். அதற்குள் இருக்கும் இழுவிசை போலரைசரோடு சேர்ந்தால் நிறமாகப் பிரிந்து தெரியும். நாற்பது படம் எடுத்த பிறகுதான் கவனித்தேன். போலரைசிங் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாலும் இதே கூத்துதான்.

கேமராவில் என்ன செட்டிங்?

ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/800 முதல் 1/1000 வினாடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 5.6 அல்லது 8, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) பகலில் 100 முதல் 400. அப்பர்ச்சரை 11-க்கு மேல் மூடினால் ஜன்னல் கீறல்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

விமானம் வேகமாகப் போகிறதே, அதனால்தான் இவ்வளவு ஷட்டர் வேகமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 850 கிலோமீட்டர் என்றால் 1/1000 வினாடியில் விமானம் நகர்வது அரை முழம். பத்து கிலோமீட்டர் கீழே இருக்கும் மலைக்கு அரை முழம் ஒரு பொருட்டே கிடையாது. படத்தைக் கெடுப்பது அதிர்வும் நம் கை நடுக்கமும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் தரை பக்கத்தில் இருப்பதால் அப்போது மட்டும் வேகமும் கணக்கில் வரும்.

ஃபோகஸ்தான் பெரிய தொல்லை. வெறும் உப்புத் தரையில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, கடைசியில் ஜன்னல் கீறலைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மலை முகட்டில் ஃபோகஸ் செய்துவிட்டு, ஆட்டோவை அணைத்துவிடுங்கள். எல்லாமே தூரத்தில் இருப்பதால் பிறகு தொடவே வேண்டாம்.

லென்ஸ் 35 முதல் 85 மி.மீ. வரை போதும். 24-க்குப் போனால் ஜன்னல் சட்டம் வந்துவிடும். 200 மி.மீ. எடுத்துக்கொண்டு போனால் ஜன்னலின் வளைவும் நடுவில் இருக்கும் காற்றும் சேர்ந்து படத்தைக் கொழகொழவென்று ஆக்கிவிடும். கிரேட் சால்ட் லேக்கின் வடக்குக் கரையில் ராபர்ட் ஸ்மித்சன் என்ற சிற்பி 1970-இல் கருங்கற்களால் அமைத்த சுருள் மேடை இருக்கிறது. மொத்த நீளமே 460 மீட்டர்தான், அதுவும் சுருண்டு கிடக்கிறது. நாலு தடவை அதை 200-இல் பிடிக்கப் பார்த்து, நாலு தடவையும் கிடைத்தது ஒரு கமா.

உப்பு வெள்ளையாக இல்லாமல் அழுக்குச் சாம்பலாக வருகிறது. ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். முழுக்க வெள்ளையான காட்சியைக் காட்டினால் 'அதிக வெளிச்சம்' என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். ஆனால் பாதிப் படம் மலை, பாதி உப்பு என்றால் அரைப் படி போதும். அதற்கு மேல் போனால் உப்பின் மேல் இருக்கும் மெல்லிய கோடுகள், பழைய டயர் தடங்கள் எல்லாம் கரைந்துவிடும்.

செல்போனில் எடுத்தால் வருமா?

தாராளமாக. செல்போன் லென்ஸ் சின்னது என்பதால் ஜன்னலுக்குக் கிட்டத்தில் வைக்கலாம், பிரதிபலிப்பு தானாகக் குறையும். அகலமான 0.5 லென்ஸ் வேண்டாம். 1 அல்லது 2. திரையில் மலையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை மேலே கீழே இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

சில விமானங்களில் ஷேடே இல்லை, ஜன்னல் நீலமாகிறது. அப்போது?

அது போயிங் 787. மின்சாரத்தால் இருட்டாகும் ஜன்னல். பெரிய ஜன்னல்தான், ஆனால் முழுக்கத் தெளிவாக வைத்தாலும் லேசாக நீலம் படியும். அதைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம். விமானப் பணியாளர்கள் மொத்தமாக இருட்டாக்கிவிட்டால் உங்கள் பொத்தான் வேலை செய்யாது. கேட்டுப் பார்க்கலாம். எல்லாரும் தூங்கும் நேரத்தில் நான் கேட்பதில்லை.

எடுத்ததெல்லாம் நீலப் புகையாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

நடுவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காற்று இருக்கிறது, அது நீலத்தைச் சிதறடிக்கிறது. தொடுவானத்தை நோக்கிச் சாய்வாக எடுத்தால் இந்தத் தூரம் பல மடங்காகும். முடிந்தவரை கீழ்நோக்கி எடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாகச் சேமித்தால் மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் செய்வது மூன்றே வேலை: கறுப்பை ஆழமாக்குவது, நிறத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுவது, மேகம்போல் இருக்கும் வெளுப்பை 'டீஹேஸ்' வைத்து அளவாகக் குறைப்பது. நிறச் செறிவை மட்டும் தொடுவதில்லை. ரோஸ் ஏரியை ஏற்கனவே யாரும் நம்புவதில்லை.

படம் எடுக்கத் தடை ஏதாவது உண்டா? இந்தியாவில்?

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுக்கலாம். விமானப் பணியாளர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்களையும் சக பயணிகளையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இந்தியாவில் பயணிகள் விமானம் ஏறும்போதும் பறக்கும்போதும் இறங்கும்போதும் படம் எடுக்கலாம் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2020 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ஆனால் 2025 மே மாதத்தில், பாதுகாப்புத் துறை விமானத் தளங்களில், முக்கியமாக மேற்கு எல்லைப் பக்கம், ஏறி இறங்கும்போது 10,000 அடி வரை ஜன்னலை மூடி வைக்கவும் படம் எடுக்காமலிருக்கவும் உத்தரவு வந்தது. கட்ச் உப்புப் பாலையைப் பார்க்க புஜ் போகிறவர்களும், தார் பாலைவனத்துக்காக ஜெய்சால்மர் போகிறவர்களும் இப்போது என்ன விதி என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுமே அந்த மாதிரித் தளங்கள். ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே சாம்பர் ஏரி இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், இந்தியாவின் மிகப்பெரிய உள்நாட்டு உப்பு ஏரி அது. அதன் கிழக்கு முனைப் பாத்திகளும் மேலிருந்து பார்த்தால் செக்கச் செவேலென்று இருக்கும்.

பக்கத்து சீட்காரர் ஷேடை மூடச் சொன்னால்?

மூடிவிடுவேன். அரை மணி கழித்து, "பெரிய உப்பு ஏரி வருகிறது, ரெண்டு நிமிஷம் திறக்கட்டுமா?" என்று கேட்பேன். இதுவரை ஒருவர்தான் முடியாது என்றார்.

எடுத்த இடம் எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏரோப்ளேன் மோடிலும் செல்போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது சிக்னலை வாங்குவதோடு சரி, அனுப்புவதில்லை. போனை ஜன்னலோரம் வைத்தால் பெரும்பாலும் இடம் பிடித்துவிடும். கேமராவில் எடுக்கும்போது நடுநடுவே போனிலும் ஒரு படம் எடுத்து வைப்பேன், பிறகு நேரத்தை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கேமரா கடிகாரத்தைச் சரியாக வையுங்கள். யூட்டா நேரம் கலிபோர்னியாவைவிட ஒரு மணி முன்னால், இதை மறந்து நான் பல மாலைகளை வீணாக்கியிருக்கிறேன். விமானம் போன பாதையைக் காட்டும் இணையதளங்களும் உண்டு. நேரத்தை வைத்து அதில் இடத்தைப் பிடித்து, கூகுள் எர்த்தில் அதே கோணத்தில் சாய்த்துப் பார்த்தால் மலை மடிப்பு பொருந்திவிடும்.

அப்படித்தான் ஒரு படம் மாட்டியது. வெள்ளை விளிம்பும் நடுவில் மங்கிய பச்சையுமாக ஒரு நீள ஏரி. இரண்டு வருடம் 'கிரேட் சால்ட் லேக்' ஃபோல்டரிலேயே கிடந்தது, நாலு பேருக்கு அந்தப் பெயரில் அனுப்பியும் வைத்தேன். நேரத்தை ஒப்பிட்டபோது அந்த நிமிடம் விமானம் டெல்டா என்ற சிற்றூருக்குத் தெற்கே இருந்திருக்கிறது. அது செவியர் ஏரி. ஆற்றுத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திருப்பியதால் 19-ஆம் நூற்றாண்டிலேயே வற்றிப்போனது, மழை வருடங்களில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டேன். அனுப்பிய நாலு பேரில் மூன்று பேரிடம் திருத்தம் சொல்லியாயிற்று.